தாமிரபரணியிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு: 1925ஐத் தேடி ஐந்து நாள்

கிளம்பும் இரவு, வியாழன்

நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். கீழே மகள் காதில் இயர்போனோடு தூங்கிவிட்டாள். பிளஸ் டூ முடித்து, கல்லூரி திறக்கக் காத்திருக்கிறாள். "அப்பா, ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பார்த்தா, செத்துப்போனவங்க ஊருக்கெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க" என்று தாம்பரத்தில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள். அவள் சொல்வது சரிதான்.

விஷயம் இதுதான். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். நூலகச் சுவரில் ஒட்ட நினைவுநாள் அட்டவணை ஒன்று கேட்டார்கள். எக்செல்லில் பெயர்களை நிரப்பினேன். மாதவாரியாக அடுக்க வேண்டியதைக் கைதவறி ஆண்டுவாரியாக அடுக்கிவிட்டேன். 1925க்கு நேரே மூன்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. வ.வே.சு. ஐயர், ஜூன் 3. சித்தரஞ்சன் தாஸ், ஜூன் 16. சுப்பிரமணிய சிவா, ஜூலை 23. (ஐயருக்குச் சில புத்தகங்களில் ஜூன் 4 என்று இருக்கும்.)

ஐம்பது நாளில் மூன்று சாவு. இருபது வருடமாக இந்த மூன்று பேரையும் பற்றிப் பாடம் நடத்துகிறேன், ஆனால் ஒரே வகுப்பில் நடத்தியதில்லை. ஐயர் தமிழ்ப் பாடத்தில் சிறுகதை முன்னோடியாக வருவார். சிவா 1908இல் வ.உ.சி.க்குப் பக்கத்தில் நிற்பார், அதோடு காணாமல் போவார். தாஸ் சுயராஜ்யக் கட்சி என்று ஒரு மதிப்பெண் கேள்வியில் வருவார். இவர்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு நின்றவர்கள் என்று அந்த எக்செல் ஷீட்தான் எனக்குச் சொன்னது. தாஸ் இறந்த டார்ஜிலிங் வரை போகப் பையில் பணமும் இல்லை, நாளும் இல்லை. மற்ற இரண்டு பேரின் ஊர்களுக்குப் போவது என்று முடிவு.

முதல் நாள், வெள்ளி. சேரன்மகாதேவி

திருநெல்வேலியில் இறங்கிக் குளித்து, இட்லி சாப்பிட்டுப் பாபநாசம் பஸ்ஸில் ஏறினோம். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், வாழை. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், சேரன்மகாதேவி.

டீக்கடையில் "இங்க குருகுலம் ஒண்ணு இருந்துச்சே, எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன். மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே, "எந்தக் குருகுலம் சார்? கோயிலுக்கா வந்திய?" என்றார். நவகைலாயத்தில் இரண்டாவது இந்த ஊர், முதலாவது பாபநாசம். தலையில் துண்டும் கையில் கேமராவுமாக யார் வந்தாலும் நவகைலாயக் கணக்கில்தான் சேர்ப்பார்கள் போல. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர்தான், "அந்தச் சோத்துச் சண்டைக் குருகுலமா?" என்று கேட்டார். நூறு வருடம் கழித்து ஒரு ஊரில் ஒரு கல்விக்கூடத்துக்கு நிற்கும் பெயர் இது.

ஐயர் இங்கே வந்தது 1922இல். அதற்கு முன் அவர் வாழ்ந்தது ஒரு ஆளுக்கு இரண்டு ஆயுள் காணும். பாரிஸ்டர் ஆகப் போன லண்டனில் சாவர்க்கரோடு சேர்ந்தார், 1910இல் அங்கிருந்து தப்பிப் புதுச்சேரி வந்தார், பாரதியோடும் அரவிந்தரோடும் பழகி அங்கே பத்து வருடம் இருந்தார். போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்ததும் சென்னைக்கு வந்து தேசபக்தன் பத்திரிகையை ஏற்று நடத்தி, ராஜத்துரோகம் என்று பெல்லாரி சிறைக்குப் போனார். வெளியே வந்தவருக்குத் துப்பாக்கியும் வேண்டாம், பத்திரிகையும் வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். தமிழில் எல்லாப் பாடமும், கூடவே தொழிலும் உடற்பயிற்சியும் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை ஆற்றங்கரையில் தொடங்கினார், அதுதான் நான் டீக்கடையில் கேட்ட குருகுலம். காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு விஷயம் வெடித்தது. இரண்டு பிராமணப் பையன்களுக்கு அவர்கள் வீட்டார் கேட்டுக்கொண்டபடி தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பொதுப்பணத்தில் நடக்கிற தேசியப் பள்ளியில் தனிப்பந்தியா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பிடித்துக்கொண்டார்கள். காந்தி வரை போயிற்று. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், இந்த இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன், இனி சேருகிறவர்கள் எல்லாரும் ஒரே பந்தி என்று ஐயர் சொன்னார். எடுபடவில்லை. 1925இல் பொறுப்பை விட்டு விலகினார். அந்த மே மாதம்தான் ஈரோட்டில் குடிஅரசு வந்தது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். அந்த ஆண்டில் தமிழ்நாட்டு அரசியல் வேறு பக்கம் திரும்பியதற்குப் பல காரணம் சொல்லலாம். அதில் ஒன்று இந்த ஊர்ச் சாப்பாட்டுத் தட்டு.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து மகளுக்கு இதைச் சொன்னேன்.

"சரி, அவரு ஜாதி பார்த்தாரா இல்லையா?"

"அவர் பார்க்கலன்னுதான் பழகினவங்க எழுதியிருக்காங்க."

"அப்ப ஏன் பார்க்குறவங்களுக்குத் தனியாத் தட்டு வச்சாரு?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, "ரெண்டு பேருதானேன்னு விட்டிருப்பாரு. எங்க ஸ்கூல்லயும் எல்லாமே 'ரெண்டு பேருதானே'ன்னுதான் ஆரம்பிக்கும்" என்றாள். நான் நடத்துகிற பாடத்தில் ஐயருக்காகப் பரிந்து பேசும் ஒரு வரி இருக்கிறது. அதை இனி அப்படியே சொல்ல வாய் வருமா என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள், சனி. பாபநாசம், கல்யாண தீர்த்தம்

இரவு அம்பாசமுத்திரத்தில் தங்கினோம். வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க வேண்டும் என்று வீட்டிலிருந்து உத்தரவு, அது நிறைவேறியது.

காலையில் விக்கிரமசிங்கபுரம் வழியாகப் போகும்போது மில்லைப் பார்த்தோம். பக்கத்து சீட்டுக்காரர் "ஹார்வி மில்" என்றார். இப்போதைய பெயர் வேறு, இங்கே வயதானவர்களுக்கு அது ஹார்விதான். பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1885இல் தொடங்கிய பஞ்சாலை. அதே ஹார்விகள்தான் அப்புறம் தூத்துக்குடியில் கோரல் மில்லைத் தொடங்கினார்கள். 1908 பிப்ரவரிக் கடைசியில் அந்த மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கியவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். சில நாளிலேயே கூலி உயர்வு கிடைத்தது. அடுத்த மாதமே இரண்டு பேரையும் உள்ளே வைத்தார்கள், அதனால் நெல்லை பற்றி எரிந்தது. ஆக, ஐயர் சாகப் போகிற இடத்துக்குப் போகும் வழியில் சிவாவைச் சிறைக்கு அனுப்பிய கதையின் ஊற்று இருக்கிறது. பஸ்ஸில் நான் இதைச் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன் போல. முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

வனத்துறைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இது புலிகள் காப்பகம். அகஸ்தியர் அருவியில் கூட்டம். எண்ணெய் வழியும் உடம்போடு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் குரங்குகள். ஒரு குரங்கு எங்கள் அப்பளக் கட்டைக் குறிவைத்து, அதில் ஒன்றை வென்றும் விட்டது.

அருவிக்குப் பக்கத்தில் படி ஏறினால் மேலே கல்யாண தீர்த்தம். கீழே இருக்கிற இரைச்சல் நாலைந்து திருப்பத்தில் அடங்கிவிடுகிறது. மேலே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிறது. கறுப்பென்றும் சொல்ல முடியாது, பச்சையென்றும் சொல்ல முடியாது. மேல் பரப்பு அசைவதே தெரியவில்லை. ஆனால் விளிம்பில் ஒரு புளிய இலை விழுந்தது. அது முதலில் சும்மா நின்றது, பிறகு மெல்ல நகர்ந்தது, பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல் பாறை இடுக்குக்குள் போய் மறைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

1925 ஜூன் முதல் வாரத்தில் ஐயர் பிள்ளைகளோடு இங்கே வந்தார். குருகுலத்தை விட்டுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. நீரோட்டம் குறுகும் ஓர் இடத்தைத் தாண்டும்போது மகள் சுபத்திரைக்குக் கால் தவறியது. அப்பா குதித்தார். இரண்டு பேரும் திரும்பவில்லை. அவருக்கு வயது 44. லண்டனிலிருந்து போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பி வந்த மனிதர்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கிற 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வந்தது. அதில் ருக்மிணி என்ற பெண் தண்ணீரில் விழுந்து சாகிறாள். கரையில் நிற்கும் மரம் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, கதை சொல்லத்தான் முடிகிறது. பத்து வருடம் கழித்து, கரையில் மரம்போல் நிற்க அந்தக் கதையை எழுதியவரால் முடியவில்லை. இதில் விதி, முன்னறிவிப்பு என்றெல்லாம் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. பெண் தண்ணீரில் விழுந்தால் எந்த அப்பனும் குதிப்பான், அவன் கதை எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும்.

"வலிக்குதுப்பா" என்றாள் மகள். அவள் மணிக்கட்டை நான் எப்போதிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. விரல் பதிந்திருந்தது.

இறங்கும்போது வனக்காவலர் ஒருவர் எதிரே வந்தார். "மேல தண்ணிப் பக்கம் போகலையே?" என்று கேட்டார். இல்லை என்றோம். "போயிராதீய. பாக்க சும்மா கெடக்க மாதிரிதான் கெடக்கும், இழுத்துரும்" என்றார். ஐயர் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. "வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு கேள்விப்படுதோம் சார்" என்றார், நான் ஏதோ போன மாதத்து ஆளைப் பற்றிக் கேட்டதுபோல.

சாயங்காலம் கீழே பாபநாசநாதர் கோயில் படித்துறை. மீன்களுக்குப் பொரி போட்டாள் மகள். நான் அவளைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. முழங்கால் ஆழம்தான், இருந்தாலும்.

மூன்றாம் நாள், ஞாயிறு. வத்தலக்குண்டு

நாள் முழுக்க பஸ். அம்பையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து வத்தலக்குண்டு. ஜன்னல் கம்பியில் சாய்ந்து பாதி தூரம் தூங்கினேன்.

வத்தலக்குண்டில் இறங்குகிற வெளியூர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கொடைக்கானல் பஸ்ஸுக்குத்தான் ஓடுகிறார்கள். மகளும் அந்த போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுப்பிரமணிய சிவா பிறந்தது இந்த ஊரில், 1884 அக்டோபர் 4. இதே ஊர்தான் ராஜம் ஐயரையும் பி.எஸ். ராமையாவையும் தமிழுக்குக் கொடுத்தது. சி.சு. செல்லப்பாவுக்கும் இதுதான் ஊர் என்பார்கள். இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை பேனாவா என்று கொஞ்ச நேரம் கடைத்தெருவில் நடந்தோம். வாழைத்தார் ஏற்றிய வண்டிகள், பூக்கடை, பரோட்டா வாசனை. மாலையில் திண்டுக்கல் போய்ப் படுத்துவிட்டோம். இன்றைக்கு எழுத இவ்வளவுதான்.

நான்காம் நாள், திங்கள். திருச்சி வரகனேரி

காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன், "ஊருக்குள்ள போகுமா?" என்று. "போகும் போகும், ஏறுங்க" என்றார். திருச்சிக்கு வெளியே பைபாஸில் மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெயிலில் மூட்டையோடு நின்றபோது மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத வேண்டாம். ஆட்டோவுக்கு பஸ் டிக்கெட்டைவிட அதிகம் கொடுத்தோம்.

வரகனேரி காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கம். 'வ.வே.சு.'வில் முதல் 'வ' இந்த ஊர்தான். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம். 1881 ஏப்ரல் 2இல் பிறந்து, இங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். அவர் நினைவாக ஓர் இல்லம் இங்கே இருக்கிறது.

திரும்பும்போது மகளுக்குப் பெட்டிக் கதையைச் சொன்னேன். தப்பி வரும்போது அவர் பெட்டியில் வி.வி.எஸ். என்று எழுத்துப் பொறித்திருந்ததாம். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவரிடம், தாடியும் தலைப்பாகையுமாக இருந்த இவர் கண்ணிமைக்காமல், "என் பெயர் வீர விக்ரம் சிங்" என்றாராம். இந்தக் கதையைச் சொல்கிற ஒவ்வொருவரும் ஒரு விவரத்தைக் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள், நானும் உட்பட. மகளுக்கு ஐயரைக் கொஞ்சம் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். "செம ஆளுப்பா" என்றாள். தட்டு விஷயத்தில் அவருக்குக் கொடுத்த மார்க்கை மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

சேலம் போகிற பஸ்ஸில் தாஸைப் பற்றிப் பேசினோம். டார்ஜிலிங்குக்குப் போக முடியாதவன் பஸ்ஸிலாவது அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் அல்லவா. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி அவரை மீட்டவர் தாஸ். அப்படி மீண்ட அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்தார், அதே ஆண்டு முடிவதற்குள் ஐயரும் அங்கே வந்து சேர்ந்தார். ஒரு கோடு அது. இன்னொரு கோடு நாளைக்கு. தாஸ் 1925 ஜூன் 16இல் டார்ஜிலிங்கில் இறந்தபோது அவருக்கு 54. உடலை ரயிலில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள், ஊர்வலத்தின் முன்னால் காந்தி நடந்தார். கல்கத்தாவின் தெருக்கள் கொள்ளாத கூட்டம் என்று படித்திருக்கிறோம். பாபநாசத்தில் ஐயர் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

சேலத்தில் இரவு உணவு. இந்த ஊர்ச் சிறையிலிருந்துதான் 1912 நவம்பரில் சிவா வெளியே வந்தார். பத்து வருடத் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது, அதிலும் கொஞ்சம் கழிந்தது. உள்ளே போகும்போது 23 வயது. வெளியே வரும்போது உடம்பில் தொழுநோய்.

ஐந்தாம் நாள், செவ்வாய். பாப்பாரப்பட்டி

தருமபுரியிலிருந்து டவுன் பஸ். மண் சிவப்பாகிவிட்டது. நேற்று வரை பார்த்த தண்ணீரும் வாழையும் எங்கே போயின என்று தெரியவில்லை. புளியமரம், மாந்தோப்பு, கேழ்வரகு, தூரத்தில் கரடு. பஸ்ஸில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து கேட்கிறது.

சிறையிலிருந்து வந்த சிவா சென்னையில் ஞானபாநு பத்திரிகை நடத்தினார், அதில் பாரதி எழுதினார். நோய் முற்றியது. தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். 1898இல் போட்ட சட்டம் ஒன்று இருந்தது, பொது வண்டிகளில் அவர்கள் ஏறுவதைத் தடுக்க வழி செய்த சட்டம். சிவா கட்டைவண்டியிலும் நடையாகவும் ஊர் ஊராகப் போனார். புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டு கூட்டத்தில் பேசினார். ஐந்து நாளில் நாங்கள் வந்த இந்த வழியை, ஒரு ரயிலும் பஸ்ஸும் இல்லாமல் மனதில் போட்டுப் பார்த்தேன். வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல்லே ஒரு நாள் ஆகும்.

அப்படி அலைந்தவர் 1921இல் இங்கே வந்து, நண்பர்கள் உதவியில் ஆறு ஏக்கர் சொச்சம் நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். ஆசிரமம். அதில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில், எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தாரும் உள்ளே வந்து கும்பிடலாம் என்று ஒரு கோயில். 1923இல் அதற்கு அடிக்கல் நாட்ட அவர் அழைத்து வந்தது சித்தரஞ்சன் தாஸை. நேற்றுச் சொன்ன இரண்டாவது கோடு இதுதான். கல்கத்தாவின் பெரிய வக்கீல், கயா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர், இந்தப் புளியமரத்து ஊருக்கு வந்து ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார்.

இங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஐயரும் சிவாவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். சிறை, பத்திரிகை, மேடை எல்லாம் பார்த்துச் சலித்து, ஒருவர் ஆற்றங்கரையில், ஒருவர் கரட்டடியில், தங்களுக்குத் தோன்றிய இந்தியாவைச் சின்ன அளவில் கட்டிப் பார்க்க நிலம் தேடியிருக்கிறார்கள். அங்கே கட்டடம் எழுந்தது, பந்தி பிரிந்தது. இங்கே பந்தி பிரிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை நினைத்தார், கட்டடம் எழவில்லை. மகளிடம் இதைச் சொன்னேன். "இவர ஏன்பா எங்களுக்கு ஒரு பாராவோட முடிச்சுட்டாங்க?" என்றாள். முடித்தவர்களில் நானும் ஒருவன், அதனால் பேச்சை மாற்றினேன்.

நினைவிடம் ஊரை ஒட்டி இருக்கிறது. மணிமண்டபம், சிவாவின் சமாதி. பக்கத்திலேயே பாரத மாதா நினைவாலயம், அரசு கட்டி 2021இல் திறந்தது. கோயில் என்று சொல்ல வேண்டுமா, நினைவாலயம் என்று சொல்ல வேண்டுமா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அடிக்கல்லுக்கும் கட்டடத்துக்கும் நடுவே 98 வருடம்.

நாங்கள் போனபோது ஓர் அம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. சமாதிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். தரை சுட்டது. மகள் ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றாள், ஆனால் நகரவில்லை. பெருக்குகிற அம்மாள் பார்த்துவிட்டு, "நெழல்ல நில்லும்மா, அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

கடைசி நாட்களில் சிவா மதுரைப் பக்கம் இருந்தார். நோய் மிஞ்சிப் போனதும் பாப்பாரப்பட்டிக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்து சேர்ந்தார் என்பார்கள். 1925 ஜூலை 23, வியாழக்கிழமை. நாற்பத்தோரு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் சொச்சம் இருந்தது. கல் வைத்த தாஸ் போய் ஐந்து வாரம், பாபநாசத்தில் ஐயர் போய் ஏழு வாரம். அவர் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கல் மட்டும் இருந்திருக்கும், மேலே ஒன்றும் இல்லாமல்.

அம்மாள் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையைச் சொன்னார். அங்கே களியும் கீரைக் குழம்பும். மகள் களியை மென்று சாப்பிட முயன்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, "மெல்லக் கூடாது பாப்பா, தொட்டு அப்படியே முழுங்கணும்" என்று செய்து காட்டினார். எதிர் பெஞ்சில் இரண்டு கூலிக்காரர்கள், ஒரு போலீஸ்காரர், நாங்கள். ஒரே குண்டானிலிருந்து எல்லாருக்கும். மகள் குண்டானையும் என்னையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதே நாள் இரவு, சேலம் ஜங்ஷன்

வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கடைசிக் குறிப்பை எழுதுகிறேன். மகள் போனில் ரயில்வே கட்டணச் சலுகைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறாள். நோய் பரப்பாத நிலையில் இருக்கும் தொழுநோயாளிக்கு டிக்கெட்டில் நூற்றுக்கு எழுபத்தைந்து தள்ளுபடி என்று அதில் இருக்கிறது. அந்த 1898 சட்டம் எப்போது போனது என்று கேட்டாள். 2016இல்தான் அதை நீக்கினார்கள் என்றேன்.

"நான் அப்ப மூணாவது படிச்சிட்டிருந்தேன்" என்றாள். அப்புறம் அப்பளக் கட்டை எடுத்து, குரங்கு கொண்டுபோனது போக எத்தனை மிச்சம் என்று எண்ண ஆரம்பித்தாள்.